சந்தா கட்டிய இதழ் வரவில்லையா? எண்ணை அழுத்துவதற்கு முன்

"தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று ஆரம்பிக்கும் அந்தக் குரலோடு மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அப்பாவுக்குக் கட்டிய ஆண்டுச் சந்தாவில் இரண்டு வார இதழ்கள் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் வீணை இசை, அப்புறம் லைன் கட்.

முதல் வேலை, பழைய இதழ் வந்த உறையைத் தேடுவது. முகவரிச் சீட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சந்தா எண் இருக்கும், பல இதழ்களில் சந்தா முடியும் மாதமும் இருக்கும். (உறை பிரித்த கையோடு குப்பைக்குப் போகும் வீடா? இனி ஒன்றையாவது போட்டோ எடுத்து வையுங்கள்.) அதோடு பணம் கட்டிய தேதி, பரிவர்த்தனை எண், எந்தெந்தத் தேதியிட்ட இதழ் வரவில்லை, எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அபூர்வமாக ஓர் ஆள் கிடைக்கும் நேரத்தில் "இருங்க, தேடிப் பாக்குறேன்" என்று பீரோவைக் குடைந்துகொண்டிருக்க முடியாது.

சரி, இப்போது கூப்பிடலாம். திங்கட்கிழமை காலை மட்டும் வேண்டாம். ஸ்பீக்கரில் போடுங்கள், காதில் வைத்தால் திரை அணைந்து, அழுத்த வேண்டிய நேரத்தில் எண்ணே தெரியாது. புகாருக்கான எண்ணில் காத்திருந்து வெறுத்துவிட்டால் 'புதிய சந்தா'வுக்கான எண்ணை அழுத்திப் பாருங்கள். எனக்கு இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள், பணம் வாங்க மட்டும் எப்படித்தான் ஆள் இருக்கிறதோ! அவரிடம் எரிந்து விழாதீர்கள், "சந்தா பிரிவுக்கு மாத்தி விடுங்க சார்" போதும். அங்கே புகார் எண்ணை வாங்காமல் வைக்காதீர்கள். விட்டுப்போன இதழை அனுப்புவார்களா, சந்தாவை நீட்டிப்பார்களா என்றும் கேளுங்கள். வார இதழ் என்றால் நீட்டிப்பதுதான் மேல், ஒரு மாதம் கழித்து வரும் பழைய இதழை யார் படிப்பது?

பேசியதையெல்லாம் அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். எங்கே அனுப்புவது என்று தெரியவில்லையா? வெளியீட்டாளர் பெயரும் முகவரியும் இதழின் உள்ளே ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், அதை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அங்கே மின்னஞ்சல் முகவரி இல்லையென்றால், அந்த முகவரிக்குக் கடிதமாகவே போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் பொறுத்தும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சந்தாவே வேண்டாம், ஆனால் பணம் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பவர்கள் இந்தப் போன் பாடே படவேண்டாம். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.