வீட்டில் நோயாளி இருக்கும் ஊழியருக்கு முதலாளி என்னென்ன செய்து கொடுக்கலாம்

மும்பை சகாரில் விமானச் சரக்கைச் சுங்கத்தில் கிளியரிங் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஏஜென்சியில் நிர்வாகம் பார்க்கிறேன். சம்பளம், லீவ், அட்வான்ஸ் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். முப்பது நாற்பது பேர் இருக்கிறோம், பாதிக்குப் பாதி தமிழர்கள். தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், முலுண்டு என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். பெரிய கம்பெனிக்கு எச்.ஆர். இருக்கிறது, விதிப் புத்தகம் இருக்கிறது. எங்களைப் போன்ற இடத்தில் முதலாளியின் மூடுதான் விதி. இது அப்படிப்பட்ட முதலாளிகளுக்காக.

முதல் வேலை, யார் வீட்டில் என்ன நிலைமை என்று தெரிந்துகொள்வது. படிவம் அடித்துக் கொடுத்தால் ஒருத்தரும் நிரப்ப மாட்டார்கள். அப்பாவுக்குக் குளிப்பாட்டி மருந்து கொடுத்துவிட்டு லோக்கல் ரயிலைப் பிடித்து வருகிறவர், அதை ஆபீசில் சொல்ல வேண்டிய சங்கதியாகவே நினைப்பதில்லை. நேரில் உட்கார்ந்து கேளுங்கள்: “வீட்டுல உங்க கை இல்லாம முடியாத ஆள் யாராவது இருக்காங்களா? எந்த நாள், எந்த நேரம் கஷ்டம்?” பெண்களை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். ஆண்கள்தான் இதை அதிகம் மறைக்கிறார்கள். இன்க்ரிமென்ட் பேசும் வாரத்தில் கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நோயின் பெயரைக் குறித்து வைக்க வேண்டாம், நேரம் தெரிந்தால் போதும்.

ஏனென்றால் இவர்களுக்கு முழு நாள் லீவை விட மணிக்கணக்கில் லீவ்தான் அதிகம் உதவும். டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் லீவ் போட்டால் எந்தக் கணக்கும் தாங்காது. கொண்டுபோய் விட ஒரு மணி நேரம், திரும்பக் கூட்டி வர ஒரு மணி நேரம் கொடுத்தால் அவர் மீதி நாள் வேலை செய்துவிடுவார். மகாராஷ்டிரத்தின் 2017 கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஆண்டுக்கு 8 நாள் கேஷுவல் லீவ் உண்டு. ஆண்டு முடிந்தால் மீதி காலாவதி. 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு கூடிய விடுப்பு தனி, அதை 45 நாள் வரை சேர்த்து வைக்கலாம். ஆனால் வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனியார் ஊழியருக்குத் தனி லீவ் எதையும் இந்தச் சட்டம் தரவில்லை. ஆகவே இருக்கும் லீவையே கால் நாளாக, அரை நாளாக உடைத்து எடுக்க விடுங்கள். பயோமெட்ரிக் கணக்கு இடிக்கும் என்று அக்கவுண்ட்ஸில் முணுமுணுப்பார்கள். இடிக்கட்டும், ஒரு எக்செல் தாள் போதும்.

காலை நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மும்பையில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வரும் மாவ்ஷிகள் பெரும்பாலும் 12 மணி நேர ஷிஃப்ட். பகல் ஆள் எட்டு மணிக்கு வர வேண்டும். எட்டேகாலாகியும் வரவில்லை. நம் ஆள் பையை மாட்டி, ஷூ போட்டு, வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நிற்கிறார். மாவ்ஷியை அனுப்பும் ப்யூரோவுக்குப் போன் போட்டால் “ராஸ்தே மே ஹை”, வழியில் இருக்கிறார் என்கிறார்கள். எட்டரை லோக்கல் போய்விட்டது. இந்த நிலையில் அவர் முதலாளிக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது. எங்களிடம் வாட்ஸ்அப்பில் “மாவ்ஷி வரல” என்று இரண்டு வார்த்தை போட்டால் பதினொரு மணி வரை டைம். ஏன், எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அடுத்தது ஊர். திருநெல்வேலிப் பக்கம் அம்மா விழுந்துவிட்டார் என்று போன் வந்தால், ரயிலில் போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஆகும். மூன்று நாள் லீவ் என்பது போகிற வழியிலேயே தீர்ந்துவிடும். பயண நாளை லீவ் கணக்கிலிருந்து தனியாகப் பிரித்து வையுங்கள், ஆண்டுக்கு ஒரு தடவைக்காவது. தட்கல் முன்பதிவு முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏசிக்கும் பதினொன்றுக்கு ஸ்லீப்பருக்கும் திறக்கும். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். லேப்டாப்பைக் கையில் கொடுத்து அனுப்பலாமா என்றால், அவர் கேட்டால் மட்டும். ஐசியூ வாசலில் இருப்பவரிடம் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கப் படிவம்) கேட்டு மெசேஜ் போடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த வேலைக்கு ஆள் நேரில் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரிப்பது கொஞ்சம் மெனக்கெட வேண்டிய விஷயம். சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிப் படிவம்) ஏற்றுவதை முலுண்டு வீட்டிலிருந்தும் செய்யலாம். சரக்கு ஷெட்டில் பெட்டியைத் திறந்து சுங்க அதிகாரிக்கு எக்ஸாமினேஷன் காட்ட ஆள் நின்றே ஆக வேண்டும். அங்கே நிற்பவருக்கு வீட்டிலிருந்து வேலை என்று சொல்வது கேலி. அவருக்குச் செய்யக்கூடியது ஜோடி போடுவது: ஒருவர் பார்க்கும் பார்ட்டிகளின் (வாடிக்கையாளர்களின்) ஃபைல் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் சுங்கப் பத்திரங்களில் எல்லா ஊழியரும் கையெழுத்துப் போட முடியாது; பரீட்சை எழுதி சுங்கத்துறையின் ஜி கார்டு வாங்கியவர் போன்றவர்கள்தான் போடலாம். ஆபீசில் ஒரே ஒரு ஜி கார்டு இருந்தால் அந்த மனிதருக்கு அப்பா செத்தாலும் லீவ் கிடையாது என்றுதான் அர்த்தம். இன்னொருவரைப் பரீட்சை எழுத வைத்து, ஃபீஸையும் ஆபீசே கட்டட்டும். உங்கள் தொழிலில் அந்த ஒற்றை ஆள் யாரென்று பாருங்கள்.

ஜோடியில் மற்றவரை மறந்துவிடக் கூடாது. ‘அவனுக்கு அம்மா இருக்கு, எனக்கு வேலை இருக்கு’ என்ற புகைச்சல் ஒரு மாதத்தில் கிளம்பும். அதிகப்படி வேலைக்கு ஓவர்டைமோ ஈடு லீவோ அந்த மாதமே கொடுத்துவிடுங்கள். நன்றியை வைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள்.

பண விஷயம் சுருக்கமாக. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பார்கள்; அவரை நம்பி இருக்கும் தாய் தகப்பனுக்கும் அதில் வைத்தியம் உண்டு. ஆனால் கார்டில் பெயர் சேர்க்காமலே விட்டிருப்பார்கள், போய்ப் பாருங்கள். மற்றவர்களுக்கு ஆபீஸ் எடுக்கும் குழு மெடிகிளெய்ம் (மருத்துவக் காப்பீடு) பாலிசியில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று ஏஜெண்டைக் கேளுங்கள். தனியாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். குழு பாலிசியில் முதல் நாளிலிருந்தே கவர் கேட்டு வாங்கலாம். பிரீமியம் கூடும், பாதியை ஊழியர் கட்டினாலும் அவருக்கு லாபம்தான். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. குடும்பத்தார் சிகிச்சைக்கு பி.எஃப்.இலிருந்தும் முன்பணம் எடுக்கலாம். இந்த விண்ணப்பங்களை ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட்டுக் கொடுக்க ஒரு ஆளை ஒதுக்கினால் அதுவே பெரிய உதவி.

“எல்லாரும் அம்மா பேரைச் சொல்லி ஏமாத்துவாங்க” என்று எங்கள் முதலாளியும் சொன்னார். ஏமாற்றுகிறவன் இப்போதே வயிற்றுவலி சொல்லி ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறான். மணிக் கணக்கு எழுதி வைத்தால் அவன் சீக்கிரம் தெரிவான்.

பொறுப்பு விஷயத்தில் ஒன்று. பாவம், வீட்டில் கஷ்டம் என்று அவரைக் கேட்காமலே பெரிய பார்ட்டியை வேறொருவருக்கு மாற்றிவிடாதீர்கள். அவருக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். கேளுங்கள், வேண்டாம் என்றால் அவரே சொல்வார்.

பார்த்துக்கொண்டிருந்த ஆள் இறந்துபோனால், காரியம் முடிந்து பதினாறாம் நாளோடு சலுகை நின்றுவிடுவதுதான் எங்கும் வழக்கம். கிளெய்ம், பென்ஷன், வங்கிக் கணக்கு என்று அலைச்சல் அப்புறம்தான் ஆரம்பம், அதுவும் பாதி ஊரில். அதனால் மணிக்கணக்கு லீவை இன்னும் மூன்று மாதம் அப்படியே விட்டு வையுங்கள். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் இந்தி, மராட்டி, தமிழில் அடித்து, முதலாளி கையெழுத்தோடு பயோமெட்ரிக் மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.