ஆர்வெல், ஹக்ஸ்லி, ஸமியாத்தின்: ஒப்பிட்டு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் புதிதாக எழுத வருகிறவர்களின் கட்டுரைகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். இந்த மாதம் வந்த நான்கில் மூன்று, ஆர்வெலின் ‘1984’ஐயும் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ஐயும் ஒப்பிடுகிறவை. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே பிழைகள் மூன்றிலும் இருந்தன. ஆண்டு மாறிப்போவது, பெயரைத் தப்பாக எழுதுவது இதெல்லாம் யார் கண்ணிலும் பட்டுவிடும், விட்டுவிடுகிறேன். எழுத்தாளரின் அரசியலையே தலைகீழாக்கிவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பாத்திரம் பேசுவதை ஆசிரியர் தலையில் கட்டுவது

ஹக்ஸ்லியின் நாவலில் அதிகாரி முஸ்தபா மாண்ட், சமூகம் நிம்மதியாக இருக்கக் கலையையும் உண்மையைத் தேடும் அறிவியலையும் கைவிட்டோம் என்று விளக்கும் இடம் அபாரமானது. எதிர்த்தரப்புக்கும் நல்ல வாதத்தைக் கொடுத்தது ஹக்ஸ்லியின் நேர்மை. அதைப் பிடித்துக்கொண்டு ‘ஹக்ஸ்லி இதை விரும்பினார்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

‘ஆர்வெல் சோஷலிசத்தைக் கைவிட்டவர்’ என்று எழுதுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ‘விலங்குப் பண்ணை’யும் ‘1984’உம் மட்டும் படித்த காலத்தில் ஒரு சிற்றிதழில் நானே எழுதினேன்: ஸ்பெயினில் பட்ட அடியில் ஆர்வெல் சோஷலிசத்தைக் கைவிட்டார் என்று. அச்சானதும் பெருமையாக ஒரு கூட்டத்தில் வாசித்தேன். பின்வரிசையில் ஒரு பெரியவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்றவர். எழுந்து நின்று, “தம்பி, ஸ்பெயின்ல இருந்து அவர் எழுதின கடிதத்தைப் படிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். நான் படித்திருக்கவில்லை.

நடந்தது இதுதான். ஆர்வெல் 1936 கடைசியில் ஸ்பெயினுக்குப் போய், ராணுவக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பிராங்கோவுக்கு எதிராக ‘போவும்’ என்ற சிறிய மார்க்சியக் கட்சியின் படையில் சேர்ந்தார். 1937 மே மாதம் தொண்டையில் குண்டு பாய்ந்தது. அதே சமயத்தில் சோவியத் ஆதரவு பெற்ற கம்யூனிஸ்டுகள் போவுமைத் துரோகிகள் என்று முத்திரை குத்தி வேட்டையாடினார்கள். ஆர்வெலும் மனைவியும் தப்பித்து எல்லை தாண்ட வேண்டியதாயிற்று. இந்த அனுபவத்துக்கு நடுவில், 1937 ஜூனில், நண்பர் சிரில் கானலிக்கு எழுதிய கடிதத்தில்தான் கடைசியில் சோஷலிசத்தில் உண்மையாகவே நம்பிக்கை வந்துவிட்டதாகவும், அதற்கு முன் அப்படி இருந்ததில்லை என்றும் சொல்கிறார். அதாவது நான் எழுதியதற்கு நேர் எதிர். ஸ்டாலினை வெறுத்ததும் சோஷலிசத்தை நம்பியதும் அவருக்குள் ஒன்றாகவே வளர்ந்தன.

‘1984’இல் ஆளும் கட்சியின் கொள்கைக்குப் பெயர் இங்சாக். ‘இங்சாக் என்றால் ஆங்கில சோஷலிசம்தானே?’ என்று புதியவர்கள் கேட்கிறார்கள். நாவலுக்குள்ளேயே வரும், கட்சியின் எதிரி என்று சொல்லப்படும் கோல்ட்ஸ்டைனின் புத்தகத்தைப் பொறுமையாகப் படியுங்கள். சோஷலிச இயக்கம் ஆதியில் எதற்காக நின்றதோ அது ஒவ்வொன்றையும் கட்சி மறுக்கிறது, அதையும் சோஷலிசத்தின் பெயராலேயே செய்கிறது என்று அங்கே இருக்கிறது. கதை மெதுவாகிறது என்று எல்லோரும் தாண்டிப்போகும் பக்கங்கள் அவை. நானும் தாண்டியவன். 1949 ஜூனில் நாவல் வந்ததும் அமெரிக்காவிலும் அதை சோஷலிசத்துக்கு எதிரான நாவலாகத்தான் படித்தார்கள். அது சோஷலிசத்தின் மீதோ தான் ஆதரிக்கும் பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் மீதோ தொடுத்த தாக்குதல் அல்ல என்று ஆர்வெல் நோயில் கிடந்தபடியே அறிக்கை விட வேண்டிவந்தது. அடுத்த ஜனவரியில் இறந்துவிட்டார்.

‘விலங்குப் பண்ணை’க்கு நடந்தது இன்னும் மோசம். பண்ணைக்காரனை விரட்டிய விலங்குகளின் கதை அது; பிறகு ஆட்சியைப் பிடிக்கும் பன்றிகள் சோவியத் ஆட்சியாளர்களுக்கு உருவகம். கதையின் முடிவில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேஜையில் சீட்டாடுகிறார்கள், வெளியே நிற்கும் விலங்குகளுக்கு யார் பன்றி, யார் மனிதன் என்று தெரியவில்லை. முதலாளிக்கும் சேர்த்து விழுந்த அடி அது. 1954இல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ பணத்தில் எடுத்த கார்ட்டூன் படத்தில் அந்த மேஜையிலிருந்து மனிதர்களை எடுத்துவிட்டார்கள். நாம் படம் பார்த்துவிட்டு ஆர்வெலின் அரசியலை எழுதுகிறோம்.

அன்று கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவர் பையிலிருந்து தன் ‘விலங்குப் பண்ணை’ப் பிரதியை எடுத்துக் காட்டினார். அட்டை போய், தையல் நூல் வெளியே தெரிந்தது. பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கு மட்டும் என்று ஆகும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அந்த இடத்தைத்தான் கதையின் திருப்பமாக வைத்ததாக ஆர்வெலே ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. என் கட்டுரையோ அதற்குள் நகலெடுக்கப்பட்டு மாணவர்கள் கைக்குப் போய்விட்டது. இந்த மாதம் வந்த கட்டுரைகளில் ஒன்றில் அந்த வாக்கியம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எழுதிய பெண்ணிடம் அது என்னுடைய தவறு என்று சொல்லி, ஸ்பெயின் நினைவுகளான ‘ஹோமேஜ் டு கட்டலோனியா’வை என் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆர்வெலைப் புனிதராக்குவது

இது மறுபக்கத்துத் தவறு. 1949இல், கம்யூனிச அனுதாபிகள் என்று தான் சந்தேகித்த 38 பேரின் பட்டியலை பிரிட்டிஷ் அரசின் பிரச்சாரப் பிரிவுக்கு ஆர்வெல் கொடுத்தார். அதையும் எழுதுங்கள்.

ஸமியாத்தினை வெறும் சோவியத் எதிர்ப்பாளராக்குவது

ரஷ்ய எழுத்தாளர் ஸமியாத்தினின் நாவல் ‘நாங்கள்’ 1920-21இல் எழுதியது, சோவியத் நாட்டில் 1988 வரை அச்சேறவில்லை. அதனால் இந்த முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறோம். ஆனால் அவர் 1905 புரட்சிக் காலத்தில் போல்ஷெவிக்காகச் சிறைக்குப் போனவர். கப்பல் பொறியாளர். 1916-17இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ரஷ்யாவுக்காகப் பனியுடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வை பார்த்தவர். அவருடைய நாவலில் ஒரு வாய் உணவை எல்லோரும் ஒரே தாளத்தில் ஐம்பது முறை மெல்லுகிறார்கள். அந்த அரசு கொண்டாடும் மூதாதை மார்க்ஸ் இல்லை, தொழிலாளியின் அசைவை நொடிக்கணக்கில் அளந்த அமெரிக்கர் டெய்லர். 1946இல் மதிப்புரை எழுதிய ஆர்வெல், இது எந்தத் தனி நாட்டையும் குறிவைக்கவில்லை, தொழில் நாகரிகம் போகும் திசையையே குறிவைக்கிறது என்று சரியாகப் பிடித்தார்.

ஹக்ஸ்லியை 1932லேயே நிறுத்திவிடுவது

1932இல் வந்த ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’டுக்கு 1946இல் எழுதிய முன்னுரையில், ‘காட்டுமிராண்டி’ என்று அழைக்கப்படும் பாத்திரத்துக்கு அந்த இயந்திர உலகம் அல்லது பழங்குடிக் கிராமம் என்ற இரண்டு பைத்தியக்கார வழிகளை மட்டும் வைத்தது நாவலின் குறை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ரஷ்ய அராஜகவாதச் சிந்தனையாளர் குரோபோட்கின் பாணிக் கூட்டுறவுச் சமூகம் ஒன்றை மூன்றாவது வழியாகச் சொல்கிறார். அதைக் கதையாக்கிப் பார்த்த ‘ஐலண்ட்’ 1962இல் வந்தது. முப்பது வருஷ யோசனை அது.

‘யார் சொன்னது பலித்தது?’

இந்தக் கேள்வியோடு கட்டுரையைத் தொடங்காதீர்கள்.

இணையத்தில் கிடைத்த ஆர்வெல் மேற்கோள்

பக்க எண் கிடைக்கவில்லையா, அடித்துவிடுங்கள்.