"கையால செஞ்சதுதானே?": குழந்தைகளுக்கான பொருள் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊசியை உள்ளே விட்டுவிடாதீர்கள், கூர்முனை வேண்டாம், பழைய பஞ்சை அடைக்காதீர்கள் என்பதெல்லாம் பொம்மை தைக்க உட்காருகிற யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடலாம். வடசென்னையில் கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் வீட்டு முன்னறையில் துணி யானை, குரோஷே முயல், மரச் செப்பு செய்து இன்ஸ்டாகிராமில் விற்கத் தொடங்குகிறவர்கள் வருஷா வருஷம் விழுகிற பள்ளங்கள் வேறு. கைவேலை நன்றாகத்தான் இருக்கிறது. சறுக்குவது சட்டத்தில்.

"கைவினைக்கு விலக்கு உண்டாமே"

பணத்தைத் தின்கிற தவறு இதுதான். முழுப் பொய்யாக இருந்தால் யாராவது விசாரித்திருப்பார்கள். பாதி உண்மை என்பதால் ஒருவர் சொல்லி ஒருவர் நம்பி, தெருவே நம்பிக்கொண்டிருக்கிறது.

பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020இல் கொண்டுவந்தது. 2021 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்த பொருளை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. ஃபேக்டரியா, வீடா என்று ஆணை பார்ப்பதில்லை. கையா, மெஷினா என்றும் கேட்பதில்லை. நடைமுறைக்கு வரும் முன்பே, 2020 டிசம்பரில் ஒரு திருத்தம் வந்தது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு. புவிசார் குறியீடு பெற்ற பொருளை, அந்தக் குறியீட்டின் பதிவு பெற்ற உரிமையாளரோ அங்கீகரிக்கப்பட்ட பயனாளரோ செய்து விற்றால் அதற்கும் விலக்கு. அவ்வளவுதான்.

"செய்து விற்கும்" என்ற இரண்டு வார்த்தையை யாரும் நிறுத்திப் படிப்பதில்லை. எரிச்சல் அங்கேதான். கையில் உத்யம் சான்றிதழ் (சிறுதொழில் பதிவு) இருக்கிறது, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, மகளிர் சுய உதவிக் குழு பாஸ்புக்கும் இருக்கிறது, அதனால் நான் பதிவு பெற்ற கைவினைஞர் என்கிறார்கள். இல்லை. ஆணையர் அலுவலகம் ஆளுக்கு ஆள் தருகிற பெஹ்சான் அட்டைதான் இங்கே செல்லும். உத்யம் சான்று, குறு நிறுவனம் என்று காட்டி ஐ.எஸ்.ஐ. முத்திரைக் கட்டணத்தில் சலுகை வாங்க உதவும். விலக்கு வாங்க உதவாது.

அட்டை கிடைத்த பிறகும் தப்பு தொடர்கிறது. வண்ணாரப்பேட்டையில் ஆறு பெண்கள் சேர்ந்து தைக்கிறார்கள் என்று வையுங்கள். அட்டை ஒரு அக்காவுக்கு மட்டும் இருக்கிறது. ஆறு பேர் தைத்ததும் ஒரே பிராண்ட் பெயரில் போகிறது. அட்டை அந்த அக்காவின் பெயருக்குத்தான், மற்ற ஐந்து பேர் தைத்ததற்கு அது குடையாகாது. இன்னும் மோசம், சவுகார்பேட்டை மொத்தக் கடைக்காரர் 200 பீஸ் கேட்டதும் அள்ளிக் கொடுப்பது. செய்தவர் ஒருவர், விற்கிறவர் இன்னொருவர் என்று ஆனவுடன் விலக்கை நம்பி நிற்கிற தரை ஆட்டம் காண்கிறது. கேள்வி கடைக்காரரிடம் தொடங்கி உங்கள் வீட்டு வாசலில் முடியும். ஈவ்னிங் பஜாரில் வாங்கிய பிளாஸ்டிக் கிலுகிலுப்பையை நான்கு துணி பொம்மைக்கு நடுவே வைத்து "எல்லாமே ஹேண்ட்மேட்" என்று விற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கர்நாடகத்துச் சென்னபட்டணா பாணியில் பெரம்பூரில் கடைந்த மர பொம்மைக்கும், தஞ்சாவூர் தலையாட்டி மாதிரி இங்கே செய்ததற்கும் புவிசார் குறியீட்டு விலக்கு ஒட்டாது. குறியீடு அந்த ஊருக்கும் அங்கே பதிவானவர்களுக்கும் உரியது. பாணியைக் கடன் வாங்கலாம், பதிவைக் கடன் வாங்க முடியாது.

பி.ஐ.எஸ். (ஐ.எஸ்.ஐ. முத்திரை தருகிற இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சட்டம் 2016, 29வது பிரிவின்படி முதல் முறைக்கே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் குறைந்தது 5 லட்சம். பொருளின் மதிப்பைப்போல் பத்து மடங்கு வரைக்கும் அது ஏறலாம். 350 ரூபாய் முயலுக்கு இது தாங்குமா?

ஆக வழி இரண்டு. தைக்கிற ஒவ்வொருவருக்கும் அட்டை எடுத்து, அவரவர் செய்ததை அவரவர் பெயரில், அவரவர் பில்லில் விற்பது. கடைகளுக்கு மொத்தமாகப் போட ஆசையென்றால் பி.ஐ.எஸ்.ஸின் மானக் ஆன்லைன் தளத்தில் ஐ.எஸ்.ஐ. லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பது, சாம்பிள் பரிசோதனை, இடத்தைப் பார்வையிடுவது எல்லாம் அதில் உண்டு. துணி வகை, பெயிண்ட், கண் என்று தினுசு கூடக் கூடப் பரிசோதனைச் செலவும் கூடும். பத்து டிசைனை மூன்றாகக் குறைத்துவிட்டு விண்ணப்பிப்பவர்தான் பிழைக்கிறார்.

விலக்கு கிடைப்பது முத்திரைக்கு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு அடிபட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், செய்தவர் என்ற பொறுப்பு பெஹ்சான் அட்டை இருந்தாலும் நிற்கும்.

ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுவது

வேண்டாம். லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

"ஷோபீஸ்" என்று எழுதிவிட்டால்

கொலுப்படியில் வைக்கிற மண் சிலை அலங்காரப் பொருள், சரி. அதே கொலு சீசனில் விற்கிற மரச் செப்பு, நடைவண்டி, கிலுகிலுப்பை? குழந்தை கையிலெடுத்து விளையாடத்தான் அவை. லேபிளில் என்ன எழுதினாலும் பொருள் எதற்குச் செய்யப்பட்டது என்றுதான் பார்ப்பார்கள். "3 வயதுக்கு மேல்" என்ற வரியும் அப்படியே. கட்டிப்பிடித்துத் தூங்குகிற துணி முயலை 3 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கானது என்றே எடுத்துக்கொண்டு சோதிப்பார்கள்.

பட்டன் கண்

பொம்மைப் பாதுகாப்புக்கான இந்தியத் தர அளவீடான ஐ.எஸ். 9873இன் முதல் பாகத்தில் சின்ன உறுப்புகளுக்கு ஒரு குழல் அளவு இருக்கிறது. உள் விட்டம் 31.7 மி.மீ.; அடிப்பக்கம் சாய்வு, ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மி.மீ. கெட்டி அட்டையைச் சுருட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 3 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பொம்மையிலிருந்து கழன்ற துண்டு, அமுக்காமல், எப்படித் திருப்பிப் போட்டாலும் ஏதாவது ஒரு வாக்கில் அதற்குள் முழுசாக அடங்கினால் அந்த டிசைன் போச்சு.

பின்னால் வாஷர் போடுகிற பிளாஸ்டிக் கண் பத்திரம் என்று நினைக்கிறார்கள். குரோஷே கண்ணி தளர்வாக இருந்தால் வாஷரோடு சேர்ந்தே பிதுங்கி வந்துவிடும். ஃபெல்ட் துணியை உள்ளே வைத்துப் பூட்டலாம். அதைவிட நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுவது நிம்மதி. தையலுக்குச் சோதனை விசை 70 நியூட்டன், அதாவது சுமார் 7 கிலோ. ஒருமுறை துவைத்துக் காயவைத்த பொம்மையில் தையலின் ஒரு பக்கத் துணியை மேலே கிளிப்பில் மாட்டி, மறுபக்கத் துணியில் 7 கிலோ அரிசிப் பையை மெதுவாகத் தொங்கவிட்டு 10 விநாடி பாருங்கள். விரிந்தால் இரட்டைத் தையல். மடிப்பு விளிம்பை 5 மி.மீ.க்கும் குறைவாக விட்ட இடத்தில்தான் பெரும்பாலும் விரியும்.

குன்றிமணி

கூடாது. கண்ணாகவும் கூடாது, கிலுகிலுப்பைக்குள்ளும் கூடாது. விதையில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கெட்டித் தோல் அதை உள்ளே அடக்கி வைத்திருக்கிறது. கோப்பதற்காக நீங்கள் போடுகிற ஓட்டை அந்தத் தோலைத் திறந்துவிடுகிறது.

மிச்சப் பெயிண்ட்

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி, வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுக்குத்தான். காசிமேட்டில் படகுக்கு அடித்து மிஞ்சியது, ஒர்க்ஷாப்பில் கிரில்லுக்கு அடித்து மிஞ்சியது எல்லாம் தொழிற்சாலைப் பெயிண்ட். அந்த மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று இருப்பதற்கு ஈயம் கலந்த லெட் குரோமேட் நிறமி காரணமாக இருக்கலாம். நடைவண்டிக்கு அதை அடிக்காதீர்கள். பொம்மையின் பூச்சிலிருந்து கரைந்து வரக்கூடிய ஈயத்துக்கு ஐ.எஸ். 9873இன் மூன்றாம் பாகம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 90 மி.கிராம், காட்மியத்துக்கு 75. டப்பாவின் லேபிளையும் பில்லையும் எடுத்துவையுங்கள். எந்த பேட்சில் எந்தப் பெயிண்ட் என்று ஒரு நோட்டில் குறியுங்கள்.

அமெரிக்காவிலிருந்து ஆர்டர்

சித்தி பெண் நியூஜெர்சியிலிருந்து 50 பொம்மை கேட்கிறாள், கூரியரில் போட்டுவிடலாம் என்றால் அங்கே 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான பொருளுக்குப் பொருந்தும். சின்னத் தயாரிப்பாளர் என்று பதிவு செய்தால் சில பரிசோதனைகளை வெளி லேபில் செய்யாமல் விடலாம். ஒரே பொருள் வருஷத்துக்கு 7,500க்கு மேல் போகக் கூடாது என்பது அதற்கான நிபந்தனைகளில் ஒன்று. பெயிண்டிலுள்ள ஈயமும் சின்ன உறுப்பும் அந்தச் சலுகையில் வராது. அவற்றை அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏற்ற லேபில்தான் சோதிக்க வேண்டும். பெஹ்சான் அட்டையை அங்கே காட்டிப் பயனில்லை.