கரென்ட் போன ராத்திரியில் ஓர் ஓவியம் பார்ப்பது எப்படி

ஏற்காட்டில் மழை பிடித்தால் கரென்ட் போவது புதிதில்லை. அடுத்த தடவை போகும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு ஒரு மெழுகுவத்தியை ஏற்றுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் தெ லா தூர், இயேசுவின் வளர்ப்புத் தந்தையை வரைந்த ‘தச்சர் சூசையப்பர்’ படத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கரென்ட்டோடு சேர்ந்து டவரும் போய்விடும். 1640-களில் வரைந்த படம், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கண் நேராகக் குழந்தை இயேசுவின் முகத்துக்குத்தான் ஓடும். ஓடவிடாதீர்கள். படத்தில் குழந்தை பிடித்திருக்கும் மெழுகுவத்தியையும் அந்த முகத்தையும் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்: குனிந்து மரத்தில் துளை போடும் சூசையப்பரின் நெற்றிச் சுருக்கம், முழங்கை, தரையில் கிடக்கும் மரச்சுருள், அவ்வளவுதான், சுற்றிலும் இருட்டு. இப்போது விரலை எடுங்கள். இத்தனைக்கும் வெளிச்சம் அந்த ஒரு சுடரிலிருந்துதான் என்பது அப்போது உறைக்கும்.

அப்புறம் குழந்தையின் கை. சுடருக்கு முன்னால் பிடித்திருப்பதால் விரல்கள் உள்ளிருந்தே ஒளிர்வது மாதிரி இருக்கும். நம்பாவிட்டால் செய்து பாருங்கள். நான் அக்கா மகளை வைத்துப் பார்த்தேன், மெழுகுவத்தியில் விரல் ஓரம் மட்டும்தான் சிவந்தது, அதற்குள் “சித்தி, கை சுடுது” என்று இழுத்துக்கொண்டாள். போன் டார்ச்சை விரலில் ஒட்டிப் பிடித்தால் பளீரென்று சிவக்கும். ரத்தம் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டுச் சிவப்பைத்தான் அதிகம் வெளியே விடுகிறது. லா தூர் கொஞ்சம் கூட்டித்தான் வரைந்திருக்கிறார். தப்பில்லை.

இன்னொன்று, இதில் ஒளிவட்டம் கிடையாது, தேவதூதரும் கிடையாது. பக்தி எங்கே என்று தேடினால் சூசையப்பரின் கண்ணைப் பாருங்கள். கை வேலையில் இருக்கிறது, பார்வை மட்டும் பிள்ளையிடம்.

இது பிடித்திருந்தால் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் ‘மத்தேயுவின் அழைப்பு’க்குப் போகலாம்; வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு சீடராக அழைக்கும் காட்சி. 1600-இல் முடித்தது, எந்தத் தேவாலயத்துக்காக வரைந்தாரோ, இன்றும் ரோமில் அதே தேவாலயத்துச் சுவரில் இருக்கிறது. அதில் சன்னல் இருக்கும், ஆனால் வெளிச்சம் அது வழியாக வராது; வலது பக்கம் இயேசுவின் தலைக்கு மேலிருந்து சரிந்து வரி வசூலிப்பவர்கள் மேசையில் விழும். அழைக்கிற இயேசுவோ பாதி இருட்டில் நிற்பார். இதற்கு மெழுகுவத்தி சரிப்படாது. வீட்டில் ஒருவரை வாசற்படியில் நிறுத்தி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மேசையில் உட்கார்ந்து பாருங்கள்.