'கெட்' வினைச்சொல்: புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு புது பேட்சும் 'கெட்' என்ற வினைச்சொல்லில் அதே இடங்களில்தான் சறுக்குகிறது, நான் படித்த காலத்தில் சறுக்கிய அதே இடங்கள். இறந்தகாலத்துக்கு 'காட்' என்பதற்குப் பதில் 'கெட்' எழுதுவது மாதிரியான பிழைகளை எந்த இலக்கணப் புத்தகமும் திருத்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

'பெறு' என்று மட்டும் மனப்பாடம் செய்வது

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வெளியிலிருந்து வந்தது. 9-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'கெட்டா' என்றால் அடைவது. ('ஃபர்கெட்' அப்படியல்ல, பழைய ஆங்கிலத்தில் முன்பே இருந்தது, இதற்கு ஒன்றுவிட்ட உறவு.) அடைவது என்ற அந்தப் பொருள் கைக்கு வரும் பொருளோடு நிற்காமல் ஒரு நிலைக்கும் இடத்துக்கும் விரிந்தது. 'கெட் டயர்ட்' களைத்துப்போவது, 'கெட் ஹோம்' வீடு போய்ச் சேருவது, 'ஐ கெட் இட்' எனக்குப் புரிகிறது. 'கெட்' கொச்சை என்று யாரோ சொன்னதை நம்பி எல்லா இடத்திலும் 'ரிசீவ்' போட்டால் இதில் ஒன்றுமே தேறாது.

அடுத்தவர் செய்த வேலையை நீங்கள் செய்ததாக எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். 'ஐ ரிப்பேர்ட் மை லேப்டாப்.' கடையில் கொடுத்துச் சரிசெய்ததைத்தான் சொல்ல வருகிறார், ஆனால் வாக்கியம் சொல்வது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நானே கழற்றினேன் என்று. தமிழில் 'வண்டியை சர்வீஸ் பண்ணினேன்', 'முடி வெட்டிக்கிட்டேன்' என்றால் யார் கை பட்டது என்று எவரும் கேட்பதில்லை, அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. 'வீ பில்ட் எ ஹவுஸ்' என்று ஆங்கிலேயரே சொல்வார்கள், உண்மைதான். வீட்டைக் கொத்தனார் கட்டுவார் என்று எல்லோருக்கும் தெரியும், சூழல் காப்பாற்றிவிடும். ரிப்பேர், ரத்தப் பரிசோதனை, வருமானவரிக் கணக்கு, இங்கெல்லாம் காப்பாற்றாது.

என்னிடம் படித்த ஒருவர் வாரண்டியில் இருந்த லேப்டாப்பை அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துத் திரையைச் சரிசெய்தார். மறுபடி கோளாறு வந்ததும் கம்பெனிக்கு மெயில் எழுதினார், முதல் வரியே 'போன மாதம் திரையை நான் ரிப்பேர் செய்தேன்'. வாடிக்கையாளரே திறந்திருந்தால் வாரண்டி செல்லாது என்று பதில் வந்தது. சர்வீஸ் ரசீதை அவர் தொலைத்திருந்தார். விளக்கி விளக்கி எழுதிப் பார்த்தும் நடக்கவில்லை, கடைசியில் புதுத் திரைக்குக் கைக்காசைக் கொடுத்தார். 'ஐ காட் த ஸ்க்ரீன் ரிப்பேர்ட் அட் யுவர் சர்வீஸ் சென்டர்' என்று எழுதியிருந்தால் அந்தச் சந்தேகமே எழுந்திருக்காது.

அமைப்பு இவ்வளவுதான்: 'காட்', அப்புறம் பொருள், அப்புறம் அந்த வேலையின் வி3, அதாவது வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம் ('கோ, வென்ட், கான்' என்பதில் 'கான்' மாதிரி). 'ஐ காட் மை ஹேர் கட்.' 'ஐ காட் மை பிளட் டெஸ்டட்.' செய்தவரைச் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் 'டு' வரும்: 'ஐ காட் த மெக்கானிக் டு செக் இட்.' அதையே 'ஹேவ்' வைத்துச் சொன்னால் 'டு' கிடையாது: 'ஐ ஹேட் த மெக்கானிக் செக் இட்.' இந்த இரண்டையும் கலந்து 'ஹேட் த மெக்கானிக் டு செக்' என்று எழுதுகிறவர்கள் பேட்சுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், வாய்விட்டுப் பத்து வாக்கியம் சொல்லிப் பழகினால் போய்விடும். ஆனால் 'ஐ காட் மை ஃபோன் ஸ்டோலன்' என்றால் திருடச் சொன்னேன் என்று பொருளில்லை, திருட்டுக் கொடுத்தேன் என்றுதான்.

'காட் டு' இரண்டையும் குழப்புவது

'ஐ காட் டு மீட் ஹிம்' என்றால் அவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹிம்' என்றால் சந்தித்தே ஆகவேண்டும். பேச்சில் அந்த 'ஹேவ்' தேய்ந்து காணாமல் போகும், எழுத்தில் விட்டுவிடாதீர்கள். மேலதிகாரிக்கு எழுதும்போது வாய்ப்பும் கட்டாயமும் இடம் மாறினால் சங்கடம்.

பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்'

நம் ஊரில் செல்லும். வெளிநாட்டில் 'கெட் ஆஃப்'. காரிலிருந்து இறங்கினால் 'கெட் அவுட் ஆஃப்'.

'காட்டன்' தப்பு என்று அடிப்பது

'கெட், காட், காட்டன்' அமெரிக்காவில் சரி. ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் அப்படித்தான் இருந்தது. இன்றைய பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மூன்றாவது வடிவமும் 'காட்'. ஆனால் அமெரிக்கரும் 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கு 'ஐ ஹேவ் காட்' என்றுதான் சொல்வார், 'காட்டன்' கிடைத்தது, ஆனது, போய்ச் சேர்ந்தது போன்றவற்றுக்குத்தான்.