செயற்கைக்கோள் மின்பலகையைக் குளிரிலும் சூட்டிலும் சோதிப்பது எப்படி

திருகோணமலைக் கடற்காற்றில் எந்நேரமும் ஈரம் இருக்கும், அதனால் பலகையைக் குளிர்பெட்டிக்குள் வைத்ததும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு உலர் நைட்ரஜனை மெதுவாகச் செலுத்துங்கள் (நைட்ரஜன் அறையில் தேங்கி மூச்சுத் திணறாமலிருக்க ஜன்னல் திறந்தே இருக்கட்டும்), இல்லாவிட்டால் நீர் படிந்து ஷார்ட் ஆகிவிடும்.

டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி -55 முதல் 125 பாகை செல்சியஸ் வரை அளக்கும். அதைக் காற்றில் தொங்கவிடாதீர்கள், பலகையிலேயே ஒட்டுங்கள். பெட்டிக் காற்று இலக்கைத் தொட்ட பிறகும் பலகை பின்தங்கித்தான் நிற்கும்.

சரி, அடுத்து ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுக் கணினியில் பிஐடி நிரல், அதாவது வெப்பநிலையை இலக்கில் நிறுத்தும் நிரல். முதலில் பி-யை (இலக்கிலிருந்து விலகும் அளவுக்கு ஏற்பத் திருத்தும் எண்) மட்டும் கூட்டுங்கள், வெப்பநிலை ஊசலாடத் தொடங்கியதும் பாதியாகக் குறைத்து, அப்புறம் ஐ-யை (தொடர்ந்து மிஞ்சும் விலகலைத் திருத்தும் எண்) சேருங்கள். இலக்கை ஒரேயடியாக மாற்றாமல் நிமிடத்துக்கு 1 பாகை நகர்த்தினால் போதும்.

பெட்டியைச் சூடாக்கும் ஹீட்டருக்கு, சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி வெப்ப ஃபியூஸ் கட்டாயம் வேண்டும், நிரல் உறைந்தால் அதுதான் காப்பாற்றும். குளிர்ச் சோதனை முடிந்ததும், பலகை 30 பாகையைத் தாண்டிய பிறகே கதவைத் திறவுங்கள், இல்லாவிட்டால் அதில் நீர் படியும்.