மழையில் மண் சாலை: சேறு வழிக்கும்போதும் கிராவல் கொட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கத்து மண் சாலைகளில் வருடா வருடம் ஒரே இடம்தான் சேறாகிறது. அங்கேயே இரண்டு லோடு கிராவல் (சரளை மண்) கொட்டுவார்கள். தை பிறப்பதற்குள் அது சேற்றோடு சேறாகப் போயிருக்கும். தண்ணீருக்கு வழி விடாமல் கொட்டியதுதான் பெரும்பாலும் காரணம். முதலில் ஓரக் கால்வாய், அடுத்து சேறு வழிப்பது, பிறகு மேடு திருத்துவது, கடைசியில்தான் கிராவல். இந்த வரிசை மாறினால் போட்ட பணம் வீண்.

ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பிய ஊர் அல்ல. ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை வெளுத்து வாங்கும். கால்வாய் தூர் வாருவதையும் சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் ஹியூம் பைப்பின் (சிமெண்ட் குழாய்) இரண்டு வாயையும் சுத்தம் செய்வதையும் ஆடிக்குள் முடித்துவிடுங்கள்.

சேறு வழிக்க ஜேசிபியை விட்டுவிட்டு ஆள் பக்கத்தில் இல்லாமல் போவது பெரிய தவறு. முன் பக்கெட்டால் அழுத்தி இழுக்கும்போது, சேற்றோடு அடியில் பல வருடமாக இறுகிய கெட்டித் தரையும் பெயர்ந்து வரும். இரண்டு மூன்று மழைக்காலம் இப்படி வழித்தால் சாலை பக்கத்து நிலத்தைவிடத் தாழ்ந்துவிடும். அப்புறம் அது சாலை அல்ல, வாய்க்கால். தளர்ந்த சேறு மட்டும் வரட்டும்; பக்கெட் கெட்டித் தரையைத் தொட்டதும் தூக்கச் சொல்லுங்கள். நீளமான சாலைக்கு டிராக்டரின் பின்னால் மாட்டும் லெவலர் போதும்.

வழித்த சேற்றை ஓரத்திலேயே வரப்புப் போல விடுவதும் கூடாது. அது மழைநீரைச் சாலைக்குள்ளேயே கட்டிப்போடும். அள்ளி அப்புறப்படுத்த முடியாவிட்டால், 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் வெட்டிவிட்டுத் தண்ணீரைக் கால்வாயில் இறக்குங்கள்.

நடு மேடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். மண், கிராவல் சாலைக்கு நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் 4 முதல் 5 சதவீதச் சரிவு வேண்டும். 3 மீட்டர் அகலச் சாலையில் ஓரத்தைவிட நடு 6 முதல் 7.5 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும் என்று கணக்கு. கண்மதிப்பில் பார்த்தால் தட்டையான சாலைகூட மேடாகத் தெரியும். இரண்டு ஓரத்திலும் முளை அடித்து, மட்டம் பார்த்துக் குறுக்கே நூல் கட்டி அளந்துவிடுங்கள்.

அளவிலும் ஏமாந்துபோகிறோம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், உருட்டிய பின் 10 செ.மீ. கனம் வேண்டுமென்றால் 30 கன மீட்டர். உருட்டினால் அமுங்கும் என்பதால் 30 சதவீதம் கூட்டினால் சுமார் 39 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 14 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). 3 யூனிட் டிப்பரில் ஐந்து லோடு. இரண்டு லோடை இந்த நீளத்துக்கு நிரவினால் உருட்டிய பின் நான்கரை செ.மீ.கூட நிற்காது, முதல் டிராக்டரிலேயே சேற்றுக்குள் இறங்கிவிடும். பணம் குறைவாக இருந்தால் மோசமான 40 மீட்டரை மட்டும் முழு கனத்தில் போடுங்கள்.

கிராவலை லாரியிலிருந்து இறக்குவதற்கு முன்பே ஒரு கைப்பிடி எடுத்து நனைத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நின்று, உள்ளங்கையில் களி ஒட்டாமல் இருந்தால் நல்லது. பிசுபிசுவென ஒட்டினால் களி அதிகம், மழையில் வழுக்கும். உதிர்ந்தால் பிடிமானம் இல்லை, வெயிலில் புழுதியாகப் போகும். 4 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லைப் பொறுக்கிவிடுங்கள். ஏரி வண்டல் வயலுக்கு உரம், சாலைக்கு எமன். ஆற்று மணலும் உதவாது, சக்கரத்தடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஆலைக் கழிவு மண் இலவசமாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அதிலிருக்கும் ரசாயனம் கிணற்றுக்குள் இறங்கும்.

உருட்டும்போது ரோலர் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் கிராவல் வெளியே தள்ளப்பட்டு மேடு கலையும். காய்ந்திருந்தால் டேங்கர் தண்ணீர் தெளியுங்கள். ரோலர் போகும்போது தரை மெத்தையாக ஆடினால் ஈரம் அதிகம், நிறுத்திவிட்டு ஓரிரு நாள் காய விடுங்கள்.

பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்போதே மண்ணைக் கொட்டக் கூடாது. தண்ணீரை இறைத்து, சேற்றைக் கெட்டித் தரைவரை தோண்டி, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, 10 செ.மீ. அடுக்குகளாகத் திமிசுக் கட்டையால் இடித்து நிரப்புங்கள்.

தார், சிமெண்ட் சாலையில் டிராக்டர் சக்கரம் கொண்டுவந்த வயல் சேறு தூறலில் பைக்கைச் சறுக்கிவிடும். அதன்மேல் ஜல்லித் தூளோ மணலோ தூவினால் வழுக்கல் கூடத்தான் செய்யும். மண்வெட்டியால் வழித்து, கழுவிப் பெருக்குவதுதான் வழி.

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலைச் சாலைகளில் சரிந்த மண்ணை மலையோரக் கால்வாயில் ஒதுக்கிவைக்கவே கூடாது. கால்வாய் அடைபட்டால் தண்ணீர் சாலையைக் கடந்து பள்ளத்தாக்குப் பக்க விளிம்பை அரிக்கும். அந்த விளிம்பு உடைந்தால் ஆம்புலன்ஸ் ஏறுவதே சிரமம். மண்ணை டிராக்டரில் ஏற்றி, சமமான இடத்தில் கொட்டிவிட்டுத்தான் அன்றைய வேலையை முடிக்க வேண்டும்.